இடுப்பில் ஒரு தம்பி

ஆண்டுதோறும் கோடை விடுமுறையையொட்டி ஆசிரியர்களான எங்களுக்கு ஒரு வேலை வரும். ஊரில் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். பெயர், வயது, தகப்பன் தொழில் என்று வரிசையாகப் போகும் படிவத்தில் கடைசிக் கட்டம், படிப்பை நிறுத்தியிருந்தால் அதற்கான காரணம். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதற்குள் 'வறுமை' என்று எழுதுவோம். வீட்டில் ஓரளவு வசதி இருந்தால் 'பெற்றோர் அறியாமை'. இரண்டும் பொருந்தாவிட்டால் 'ஆர்வமின்மை'. இந்த மூன்று சொல்லில் எதை எழுதினாலும் மேலிருந்து ஒரு கேள்வியும் வராது. பணியில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். அதற்குள் எழுத இடமில்லாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அது ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் தனியாகப் பிரிந்து காமராசர் மாவட்டம் என்றானது. பின்னால் விருதுநகர் மாவட்டம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைப்பார்கள். மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு. அது முடிந்தால் அடுத்த மழை வரைக்கும் காட்டில் வேலை கிடையாது. மழை பொய்த்த வருஷம் அந்த வேலையும் கிடையாது.

வெள்ளாமைக்கு ஆகாத அந்தக் காய்ந்த காற்று தீப்பெட்டிக்கு ஆகிவந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923 வாக்கில் ஊரில் தொடங்கினார்கள். நான் போன காலத்தில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசுகள். தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மழை இல்லாத வருஷங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த ஆபீசுகளால்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்த்துவிட வந்தது அவள் அம்மாவே. அறியாமை என்று படிவத்தில் எழுதுகிறோமே, அந்த அம்மா எழுத்து அறியாதவள்தான்; ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்து, "இவளாச்சும் நாலெழுத்துப் படிக்கட்டும் டீச்சர்" என்று சொல்லி, புதுச் சிலேட்டும் குச்சியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளையும் கெட்டி. தீபாவளிக்குள் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் அவளுக்குப் பழகிவிட்டன. மணலில் எழுதச் சொன்னால் மற்றவர்கள் ஒன்று எழுதுவதற்குள் மூன்று எழுதி, மேலே பார்ப்பாள்.

இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது வீட்டில் தம்பி பிறந்தான். மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தாள். அப்புறம் இருக்க முடியவில்லை. ஆபீஸ் பஸ் விடியலுக்கு முன்பே ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். சேவல் கூவுவதற்கு முன்னால் பெண்கள் சோற்றுத் தூக்குவாளியோடு ஏறிவிடுவார்கள். இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். அப்பா காட்டு வேலை கிடைத்தால் போவார், கிடைக்காவிட்டால் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போவார். அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. கைப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இருந்தது ஏழு வயது அக்கா ஒருத்திதான்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள், மூன்று நாள் வரமாட்டாள். வராத நாளிலும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள், இடுப்பில் தம்பியோடு. இடுப்பு என்று சொல்ல அவளுக்கு என்ன இருந்தது? பையன் நழுவிக்கொண்டே இருப்பான், அவள் ஏந்திக்கொண்டே இருப்பாள். உள்ளே வாய்ப்பாடு சொன்னால் வெளியிலிருந்து அவளும் சொல்வாள்.

உள்ளே வரச் சொன்னேன். அவள் வந்ததைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் தம்பி தங்கச்சியோடு வந்தார்கள். தாழ்வாரத்து உத்தரத்தில் பழைய சேலைகளில் தூளி கட்டினோம். அழுகிற குழந்தைக்கு அக்கா எழுந்துபோய் ஆட்டிவிட்டு வருவாள். பாடம் நடக்கும். மூத்திர வாடை இருக்கத்தான் செய்தது. தலைமை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. "இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்க்கிற இடமா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். ஒருநாள் உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) பார்வைக்கு வந்தார். தூளிகளைக் காட்டி, "என்ன டீச்சர் இது?" என்றார். "சார், இந்தத் தூளியை அவுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை வகுப்பிலே குறையும்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பதிவேடுகளைப் பார்த்தார். பார்வைக் குறிப்பில் தூளியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையே நாங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

ஆனால் தூளியிலேயே கிடக்கிற வயது சில மாதம்தான். தவழ ஆரம்பித்த குழந்தையைத் தூளி தாங்காது. காய்ச்சல் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், அக்காவும் வீட்டில். பருத்தி எடுப்புக் காலத்தில் அப்பத்தாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் ஆள் இல்லை, அதற்கும் அவளே. அவள் விட்ட நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் வகுப்பில் பாதிக்கும் மேல் போய்விட்டது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிள்ளை பள்ளியை விடுவது எந்த நாளில் என்று கேட்டால், வராமல் போன கடைசி நாளைக் காட்டுவார்கள். என் கண் பார்த்த வரையில் அது அதற்கு ரொம்ப முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. தமிழில் உயிரும் மெய்யும் முப்பது. அதை ஒரு பிள்ளை சில மாதத்தில் பிடித்துவிடும். அதன்மேல் உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு. துணைக்கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற வரிசை. இதில் ஒரு வாரம் விட்டால் ஒரு வரிசை போகும். மாதக்கணக்கில் விட்ட பிள்ளைக்குத் திரும்பி வரும்போது கரும்பலகையில் இருப்பது பாதி தெரிந்த எழுத்தாகவும் பாதி தெரியாத கிறுக்கலாகவும் இருக்கும். 'கல்' படிப்பாள், 'கொல்லை' படிக்கமாட்டாள். அவள் விட்ட இடத்துக்கு யாராவது திரும்பிப்போய் அவளோடு உட்கார வேண்டும். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அது எப்போது வாய்க்கும்? ஒரு வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் பாட்டுச் சொல்லி, மூன்றாவது வகுப்பைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஓடுகிற ஓட்டம் அது. புத்தகம் முன்னே போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாததை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். படத்தைப் பார்த்துப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எழுத்துமேல் விரல் சரியாகப் போகும். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குப் பிள்ளை நன்றாக வாசிக்கிறது என்றே தோன்றும். மூன்றாம் வகுப்பில்தான் அது உடைபடும். படம் குறைந்து எழுத்து கூடுகிற வகுப்பு அது. சமூக அறிவியல், அறிவியல் என்று எல்லாம் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் ஒருநாள் புதுப் பக்கத்தைத் திறந்ததும் வாயடைத்து நின்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பையன் சிரித்தான். அவளைவிடச் சின்னவன். அவள் அழவில்லை. உட்கார்ந்து புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் எடுத்துவரப் போகட்டுமா, கரும்பலகை துடைக்கட்டுமா, சாக்பீஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்க ஆரம்பித்தாள். பள்ளிக்குள் இருந்துகொண்டே பாடத்திலிருந்து தப்புவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது. இப்படி வேலை கேட்டு வருகிற பிள்ளையைப் பொறுப்பானவள் என்று பாராட்டுகிற பழக்கம் பள்ளிகளில் உண்டு. பொறுப்பு என்று எண்ணாதீர்கள். அப்படிக் கேட்கிற பிள்ளையை அன்றே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

சில வாரத்தில் வருவதை நிறுத்தினாள். வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருந்தாள்.

"ஏம்மா, புள்ளைய ஏன் நிப்பாட்டிட்ட?"

"நானா நிப்பாட்டுனேன்? அவளைக் கேளுங்க டீச்சர். போன்னு தள்ளிவிட்டாலும் போக மாட்டேங்கா. எனக்கும் இந்தக் கைப்பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போக? எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

என்னிடம் வழி இருக்கவில்லை. பேசும்போதே அந்த அம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. முன்னால் பசைக்கிண்ணம், உள்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குப் போகிற வேலை போக, வீட்டுக்கு வாங்கிவந்து பெட்டி ஒட்டுவதும் உண்டு. பசையைப் பூச்சியும் எலியும் தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்த நீலம் அவள் விரல்களில் ஏறியிருந்தது. பிள்ளையின் விரல்களிலும்.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அதற்கு முன்பும் உண்டு. 1956-ல் காமராசர் காலத்தில் வந்தது. சிறுவயதிலேயே பள்ளியை விட்ட அந்த விருதுநகர்க்காரர், பசியோடு இருக்கிற பிள்ளை படிக்காது என்பதைத் தன் அனுபவமாகவே அறிந்தவர். 1982-ல் வந்ததன் புதுமை வேறு. இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு ஊரிலேயே மையம், பார்த்துக்கொள்ள ஒரு பெண், ஆயா, சோறு. சோற்றுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதி உண்மை. எங்கள் ஊரில் நான் கண்ட மறுபாதி என்னவென்றால், தம்பியும் தங்கையும் மையத்துக்குப் போனதால் அக்காக்களின் இடுப்பு காலியானது. அந்த வருஷம் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் பெண்பிள்ளைகளின் வருகை மாறியதை என் வருகைப் பதிவேட்டிலேயே பார்த்தேன். சத்துணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முட்டையையும் சாம்பாரையும் பேசுகிறார்கள். அந்தக் குழந்தைகள் மையம் எத்தனை அக்காக்களைப் படிக்கவைத்தது என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு.

அவள் தம்பியும் மையத்துக்குப் போனான். இரண்டரை வயது. இவளுக்கு ஒன்பது முடியப் போகிறது. இப்போது தடை இல்லையே என்று மறுபடி போய்க் கூப்பிட்டேன். இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர்" என்றாள். கொஞ்ச நாளில் விடியற்கால பஸ்ஸில் அம்மாவோடு அவளும் ஏறினாள்.

அந்தப் பஸ் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது என்று நாடெங்கும் பேச்சு. நான் பார்த்தது, பள்ளி ஏற்கெனவே கைவிட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பஸ். இதைச் சொல்வதால் ஆபீஸ் முதலாளிகளுக்கு நான் பரிந்து பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். தீபாவளிக்கும் சடங்குக்கும் ஏஜெண்டு கொடுக்கும் முன்பணம் ஒரு குடும்பத்தை எப்படிக் கட்டிப்போடும் என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் வாங்கிய வீட்டில் இரண்டு கை போதாது, நாலு கை வேண்டும். கூலி நாளுக்கு இல்லை, வேலைக்கு. மரச்சட்டத்துக் கட்டையில் வரிவரியாக இருக்கும் பள்ளங்களில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக அடுக்க வேண்டும். அடுக்கிய கட்டையை மருந்தில் முக்குவார்கள். ஒரு கட்டைக்கு இத்தனை பைசா என்று கூலி. சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்பதால் அவர்களை வைத்தார்கள், குறைந்த கூலி போதும் என்பதாலும் வைத்தார்கள். கந்தகமும் குளோரேட்டும் புழங்குகிற கூரைக்குக் கீழே ஒன்பது வயதுப் பிள்ளை உட்கார்ந்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஒரு வருஷம் கழித்து அவளைச் சாத்தூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பேச்சுவாக்கில், ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி, ஐந்து குரோசுக்கு எத்தனை, ஏழு குரோசுக்கு எத்தனை, வீட்டுக்கு வாங்கிவந்து ஒட்டினால் கூலி எவ்வளவு என்று நிற்காமல் சொன்னாள். கூலிச் சீட்டை என்னிடம் நீட்டி, கணக்கப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துக் காட்டச் சொன்னாள். கணக்கில் பதினேழு பைசா குறைவாக இருந்தது. அவள் மனக்கணக்கு சரி, சீட்டு தப்பு. நான் வாசித்த பிறகுதான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

பையன்கள் விடுவது வேறு மாதிரி. ஆடு மேய்க்கப் போவான், டீக்கடையில் கிளாஸ் கழுவப் போவான், அப்பாவோடு கரிமூட்டத்துக்குப் போவான். அவமானத்தால் போகிறவனும் உண்டு. நான் வேலை பார்த்த வேறொரு பள்ளியில் கூட்டுகிறதும் வாசல் தெளிக்கிறதும் காலனிப் பிள்ளைகள்தான். யாரும் உத்தரவு போட்டதில்லை, வழக்கமாக நடந்தது. குடத்துத் தண்ணீரைத் தாங்களாக மொண்டு குடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது, யாராவது ஊற்ற வேண்டும். ஓர் அப்பா என்னிடம் சொன்னார்: "தெருக்கூட்டத்தான் போகணும்னா எம்புள்ளை எங்க தெருவையே கூட்டட்டும். அதுக்கெதுக்கு சட்டை போட்டு அனுப்பணும்?" அந்தப் பையனுக்கான கட்டத்தில் 'ஆர்வமின்மை' என்று எழுதப்பட்டிருந்தது. கூட்டுவதை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் முறை வைத்தபோது மேலத்தெருவிலிருந்து சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்களோடு நின்று பேசினேன், முறை மாறவில்லை. அந்தப் பையன் திரும்பி வரவில்லை. அவன் தம்பி ஐந்தாம் வகுப்பு முடித்தான்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நின்ற பிள்ளையின் பெயர் பல பள்ளிகளில் நிற்காமல் இருந்துகொண்டே இருக்கும். எத்தனை பிள்ளைகளோ அதற்கேற்றபடி ஆசிரியர் பணியிடம். பெயரை அடித்தால் பணியிடம் போய்விடும், ஓர் ஆசிரியர் மாற்றலாவார், இருக்கிற பிள்ளைகளும் ஓராசிரியர் கையில் விழுவார்கள். அதனால் பெயரை அடிக்கமாட்டார்கள். அதில் சுயநலமும் இருந்தது, ஊருக்கு நல்லது என்ற எண்ணமும் இருந்தது. விளைவு என்னவோ ஒன்றுதான். காட்டில் பருத்தி எடுக்கிற பிள்ளை பதிவேட்டில் 'வந்திருக்கிறாள்'. வந்திருக்கிற பிள்ளையை யாரும் தேடிப் போகமாட்டார்கள். 1987 வாக்கில் கரும்பலகைத் திட்டம் வந்து, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது.

சட்டங்களும் வந்தன. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியையும் பட்டாசையும் பெயர் சொல்லித் தடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு ஐயாயிரம் சேர்க்க வேண்டும். பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள், மாதம் நூறு ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். இவையெல்லாம் நல்லது செய்தன. விடியற்கால பஸ்ஸில் சின்னத் தலைகள் குறைந்துபோனதை நானே பார்த்தேன். ஆனால் வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து செய்யும் வேலையை 1986-ம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்தது. ஆபீஸ் வாசலில் ஆய்வாளர் நின்றார். பெட்டி ஒட்டுகிற வேலை திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் எடுக்காத ஒரு சட்டப்பிரிவு இருந்தது. அதே தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. முதலில் ஐம்பது என்று இருந்ததை 1976-ல் முப்பதாக்கினார்கள். காப்பகம் ஒழுங்காக நடந்த ஆபீசை எங்கள் வட்டாரத்தில் நான் கண்டதில்லை. சிறுசிறு ஆபீசாகப் பிரித்து வைத்தால் முப்பது எங்கே சேரும்? வீட்டில் ஒட்டுகிற பெண் எந்தக் கணக்கில் வருவாள்? அந்த ஒரு பிரிவை ஒழுங்காக நடத்தியிருந்தால், ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளில் பலர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அம்மாவின் வேலையிடத்தில் குழந்தைக்கு ஓரிடம் இருந்தால், அக்காவுக்குப் பள்ளியில் ஓரிடம் இருக்கும். கட்டாயக் கல்விச் சட்டம் தமிழ்நாட்டில் 1994-ல் வந்தது, நாட்டுக்கெல்லாம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவற்றை வரவேற்றேன். ஆனால் மூன்று மாதக் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவை பதில் வைத்திருக்கவில்லை. குழந்தைகள் மையமும் இரண்டு வயதுக்கு மேல்தான் குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை உள்ள அந்த இடைவெளியில்தான் அக்காவின் உயிர்மெய் எழுத்துகள் போகின்றன.

நான் ஓய்வுபெற்றபோது எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்குள் நிற்கிற பிள்ளை அபூர்வம் என்றாகிவிட்டிருந்தது. கட்டை அடுக்க மெஷின் வந்தது, வீடுகளில் பிள்ளைகள் குறைந்தார்கள், ரேஷன் அரிசி உறுதியானது, நூறு நாள் வேலை வந்தது, தாங்களே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்பில் கையெழுத்துப் பழகிய தாய்மார்கள் தங்கள் மகள்களை விடாப்பிடியாக அனுப்பினார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைக் கேள்விப்பட்டபோது விடியற்கால பஸ்ஸைத்தான் நினைத்தேன். அம்மா நாலு மணிக்குப் போய்விட்ட வீட்டில் காலையில் என்ன இருக்கும்? முந்தின நாள் கஞ்சி இருந்தால் உண்டு.

இப்போது மகளோடு திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறேன். ஊரைத் தாண்டினால் செங்கல் சூளைகள். மழைக்காலம் முடிந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, ஏஜெண்டு வழியாக. அடுத்த மழைக்கு முன் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் அங்கே பள்ளி திறந்ததும் சேர்வார்கள், பாதி வருஷத்தில் இங்கே வந்துவிடுவார்கள், இங்கே தமிழ். இந்த மாவட்டத்தில் ஒடியா பாடப்புத்தகங்களை வரவழைத்துச் சூளையருகே வகுப்பு நடத்திய நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சூளையிலும் ஒரு கொட்டகையில் வகுப்பு நடக்கிறது. நேரம் கிடைக்கும்போது போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்; கணக்குக்கு மொழி கொஞ்சம் போதும். பதிவேட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் வருவதில்லை. காரணம் கேட்க நான் மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை. சூளை ஓரத்தில் போய்ப் பார்த்தாலே தெரிகிறது. அம்மா களிமண்ணை அச்சில் அடிக்கிறாள், எட்டு வயதுப் பிள்ளை கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறது.

கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு கீற்றுப் பந்தல், குடிதண்ணீர், பார்த்துக்கொள்ளச் சூளைப் பெண்களிலேயே ஒருத்தி, அவளுக்குச் செங்கல் கூலிக்குக் குறையாத சம்பளம் என்று எழுதி மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி சம்மதித்திருக்கிறாள். சூளை மேஸ்திரி இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். சம்பளம் யார் கொடுப்பது என்பதில்தான் நிற்கிறது. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்க வேண்டும். வைகாசி பிறந்துவிட்டால் இந்தக் குடும்பங்கள் ரயில் ஏறத் தொடங்கிவிடும்.